மைக் செட் கொட்டகையில் விழித்த டப்பா

சேர்ந்த முதல் நாளே உங்கள் கையில் ஒரு காந்தத்தைக் கொடுத்திருப்பார்கள். கருவியின் மேல் வரைந்திருக்கும் வட்டத்தில் அதை வைத்து மூன்று எண்ண வேண்டும். உள்ளே விளக்கு இரண்டு தடவை மினுக்கும். கருவி விழித்துவிட்டது, அடுத்ததை எடு. அவ்வளவுதான் பயிற்சி. சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, கைதட்டி அனுப்பியிருப்பார்கள்.

நான் அந்தக் கம்பெனியின் சோதனைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்தவள். முதலில் ஸ்டெபிலைசர், பிறகு மோட்டார் ஸ்டார்ட்டர், கடைசி ஒன்பது வருஷம் இந்த டப்பா. போன வருஷம் ஓய்வு கொடுத்தார்கள். "புதுசா வந்திருக்கிற பிள்ளைகளுக்கு உற்சாகமா நாலு பக்கம் எழுதிக் கொடுங்க, ரெஜினா மேடம்" என்று இப்போது கேட்கிறார்கள். உற்சாகம் வேண்டுமென்றால் நிகழ்ச்சித் தொகுப்பாளர் யாரையாவது பிடித்திருக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு தப்பு. அதில் பாதிக்கு மேல் என்னுடையது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் டப்பாவைப் பற்றி. ஓடையில் வெள்ளம் ஏறுவதைச் சொல்ல, தண்ணீருக்குள் கிடக்கப்போகிற கருவி என்பதால் பிசின் ஊற்றி முழுக்க அடைத்துவிடுகிறோம். ஸ்விட்ச் கிடையாது, சார்ஜ் போட ஓட்டை கிடையாது, திறக்க மூடியும் கிடையாது. உள்ளே இருக்கிற பேட்டரி பல வருஷம் வரும், ஆனால் டப்பா பெரும்பாலும் தூங்கினால்தான். அதனால் தொழிற்சாலையிலிருந்து தூங்க வைத்தே அனுப்புகிறோம். போய்ச் சேர்ந்த இடத்தில் காந்தம் காட்டி எழுப்புகிறோம். எழுந்ததும் அது தனக்கென்று கரையில் நிற்கிற சைரன் கம்பத்தைத் தேடிக் கூப்பிடும். கம்பம் பதில் சொன்னால் அடங்கி, மணிக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு மறுபடி தூங்கும். பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் எழுந்துவிட்டால் கத்திக்கொண்டே இருக்கும். பேட்டரி தீர்கிற வரைக்கும் கத்தும்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தோம்.

கன்னிவாடிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு ஓடை. அதன் குறுக்கே தரைப்பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் மல்லியும் காய்கறியும் போடுகிற ஒரு சின்ன ஊர். மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஓடையில் தண்ணீர் வந்துவிடும். பாலத்துக்கு மேற்கே, மலைக்குக் கிட்டே, ஓடைப் பாறையில் எங்கள் டப்பா ஒன்று. தரைப்பாலத்தருகே ஒரு கம்பம், அதில் சைரன். தண்ணீர் ஏறினால் டப்பா சொல்லும், சைரன் கத்தும், ஜனங்கள் பாலத்தில் இறங்காமல் நிற்பார்கள். நல்ல யோசனை. யோசனை எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

டப்பாவும் கம்பத்துச் சாமான்களும் வைகாசியிலேயே போய்விட்டன. ஆனால் திறப்பு விழாவுக்கு வரவேண்டிய பெரிய மனிதருக்குத் தேதி கிடைக்கவில்லை. ஒரு தடவை தள்ளி வைத்தார்கள், இரண்டாம் தடவையும் தள்ளி வைத்தார்கள், மூன்றாம் தடவை பந்தலே போட்டுப் பிரித்தார்கள். ஓடை காத்திருக்காது என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மனிதர் கத்தரிக்கோலைப் பிடித்தால்தான் சைரன் வேலை செய்யும் என்பது போல எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அதுவரைக்கும் எங்கள் அட்டைப்பெட்டியை எங்கே வைப்பது? பூட்டுப் போட்ட இடம் வேண்டும் என்று மேலாளர் சொன்னார். விழாவுக்கு மைக் செட் போட ஒப்புக்கொண்ட சவரிமுத்துவின் கொட்டகையில் வைத்தார்கள்.

மைக் செட் கொட்டகை. சுவர் முழுக்க ஒலிபெருக்கிப் பெட்டிகள். ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் பின்னால் ஒரு சப்பாத்திக் கல் அளவுக்குக் காந்தம். காந்தம் பட்டால் விழிக்கிற கருவியைக் கொண்டுபோய், அதன் மேல் சாய்த்து வைத்துவிட்டு, பூட்டைப் பூட்டிச் சாவியைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம். திருடன் வரக்கூடாதல்லவா.

நாற்பது நாளுக்கு மேல் அது அங்கேயே கிடந்தது.

விழாவுக்கு முந்தின நாள் மதியம் நான் போய்ப் பெட்டியை எடுத்தேன். சவரிமுத்து ஐம்பது வயதுக்காரர். சொந்தமாகச் சின்ன லோடு வண்டி வைத்திருந்தார். மைக் செட்டும் அவரே, டிரைவரும் அவரே. பெட்டியைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"மேடம், இதுக்குள்ள என்னமோ மினுக்கு மினுக்குன்னு எரியுது. கொட்டாயில கரண்டு போனப்பத்தேன் பாத்தேன். அட்டை இடுக்குல வெளிச்சம். உங்க சாமான்தானேன்னு நானும் கை வைக்கல."

"எத்தனை நாளா?"

"அது ஆச்சு மேடம், ஒரு மாசத்துக்கு மேல. முத தடவ விழாவத் தள்ளி வச்சப்பவே எரிஞ்சுச்சு."

அங்கேயே பெட்டியைப் பிரித்து, டப்பா அனுப்புகிற பேட்டரி அளவை என் சோதனைக் கருவியில் பார்த்தேன். முழுசு என்று காட்டியது. இதைக் கவனமாகக் கேளுங்கள். இந்த வகைப் பேட்டரி சாகிற அன்றைக்குக் காலையில் கேட்டாலும் முழுசு என்றுதான் சொல்லும். கடைசி வரைக்கும் அளவு இறங்காது, பிறகு மொத்தமாகப் படுத்துவிடும். சோதனைப் பிரிவில் இருக்கிறவளுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. எனக்குத் தெரியும்.

மேலாளருக்குப் போன் போட்டேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நான் சுதாரித்திருப்பேன். சிரித்த முகம், எல்லாருக்கும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவார்.

"சார், இந்த டப்பாவை வைக்கக் கூடாது. ஒரு மாசத்துக்கு மேல கத்தியிருக்கு. வேற ஒண்ணு வேணும்."

"வேற எங்க மேடம் இருக்கு? ஊத்துன பிசின் காயவே ஒரு வாரம் ஆகும்னு நீங்கதானே சொல்வீங்க. நாளைக்கு விழா. பேட்டரி என்ன காட்டுது?"

"முழுசுன்னுதான் காட்டும். அது..."

"முழுசுன்னு காட்டுதுல்ல. அப்புறம் என்ன? இப்ப வைப்போம். விழா முடியட்டும், நிதானமா மாத்திக்குவோம்."

நிதானமாக மாற்றிக்கொள்வோம். இந்த வாக்கியத்தை நீங்கள் உங்கள் பணிக்காலத்தில் ஆயிரம் தடவை கேட்பீர்கள். விழா முடிந்தபின் எதையும் மாற்றிய ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. இது தெரிந்தும், 'கருவி பரிசோதிக்கப்பட்டது, நல்ல நிலையில் உள்ளது' என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேலாளரின் முகம் ஒரு வாரம் சுருங்கியிருக்கும். அதற்குப் பயந்தேன் என்று எழுத இப்போதும் கூசுகிறது.

மறுநாள் பாறையில் டப்பாவைப் பொருத்தினோம். கம்பம் பதில் சொன்னது. ரிப்பனை வெட்டினார்கள். ஊர்ப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மேலாளர் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். அதில் இருந்ததை அப்படியே வாசித்தேன்: "சைரன் அடிச்சா நில்லுங்க. அடிக்கலைன்னா பயமில்லாமப் போங்க." கைதட்டினார்கள். முன்வரிசையில் காளியம்மா என்ற மல்லித் தோட்டக்கார அம்மா மட்டும் கைதட்டாமல், "அது எப்பவுமே சரியாச் சொல்லுமா?" என்று கேட்டார். "சொல்லும்மா" என்றேன்.

ஐப்பசி வந்தது. ஒருநாள் மதியம் மூன்று மணி தாண்டியிருக்கும். திண்டுக்கல்லில் எங்கள் அலுவலக மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் மேற்கே கன்னிவாடி மலை தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் கறுப்பாக ஒரு திரை தொங்கியது. எதற்கும் பார்ப்போம் என்று கணினியில் அந்த ஓடையின் பக்கத்தைத் திறந்தேன். பச்சைப் புள்ளி. எல்லாம் நலம்.

அந்தப் பச்சைப் புள்ளியின் லட்சணம் என்ன தெரியுமா? கம்பம் உயிரோடு இருந்தால் பச்சை. அவ்வளவுதான். பாறையில் இருக்கிற டப்பா உயிரோடு இருக்கிறதா என்று அது பார்க்காது. சிக்னல் விட்டுவிட்டு வரும்போதெல்லாம் புள்ளி சிவந்து சிவந்து வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள் என்று அப்படி மாற்றியிருந்தார்கள். வாடிக்கையாளர் பயப்படக் கூடாதாம். டப்பா கடைசியாக எப்போது பேசியது என்பது உள்ளே இன்னொரு பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை. விழாவுக்குப் பிறகு நானும் திறக்கவில்லை. அன்றைக்குத் திறந்தேன்.

கடைசிச் செய்தி வந்து நாலு நாள் ஆகியிருந்தது.

மேலாளர் கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சியில் இருந்தார். பின்னால் பாட்டுச் சத்தம்.

"சார், ஓடை டப்பா செத்துருச்சு. மலையில மழை. மூணரைக்குப் பஸ் அந்தப் பாலத்தைக் கடக்கும். ரோட்டை அடைக்கச் சொல்லணும்."

"பதட்டப்படாதீங்க மேடம். செத்த நேரம் பொறுங்க. நம்ம ஆளுங்ககிட்ட கேட்டுட்டுக் கூப்பிடுறேன். அதுவரைக்கும் கருவி வேலை செய்யலைன்னு வெளிய யார்கிட்டயும் சொல்லிறாதீங்க. பேரு கெட்டுரும்."

பொறுத்தேன். போனை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு வருஷ அனுபவம் உள்ள ஒரு பொம்பளை, ஜன்னலுக்கு வெளியே மலையே தெரியாமல் மழை கொட்டும்போது, கண்காட்சியில் நிற்கிற ஒரு ஆளின் அனுமதிக்காகப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். டப்பா செத்ததற்கு நாலு பேர் காரணம் என்று பங்கு பிரிக்கலாம். இந்தப் பத்து நிமிஷத்தில் வேறு யாருக்கும் பங்கு இல்லை.

பிறகு சவரிமுத்துவைக் கூப்பிட்டேன். அவர் வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம், கூப்பிடு தூரம்.

"சவரிமுத்து, உடனே பாலத்துக்குப் போங்க. வண்டியைக் குறுக்க நிறுத்துங்க. யாரையும் விடாதீங்க."

"சைரன் அடிக்கலையே மேடம்?"

"அடிக்காது. போங்க."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. போனைக் கட் பண்ணாமலே வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல்:

"வந்துட்டேன் மேடம். தண்ணி கணுக்கால் அளவுதேன் ஓடுது. ஆனா கலங்கலா இருக்கு. பஸ்ஸு பின்னாடியே வந்துருச்சு. குறுக்கப் போட்டுட்டேன். எல்லாம் ஏசுறாக."

ஏசுவது எனக்கும் கேட்டது. ஹாரன் சத்தம். ஒருவர் சவரிமுத்துவின் பரம்பரையையே இழுத்தார். பூச்சந்தைக்குப் போய்விட்டு அந்தப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்த காளியம்மா கீழே இறங்கி, போனை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டார்.

"யாரு பேசுறது? மேடையில பேசுன அம்மாவா? ஏம்மா, உன் டப்பா கத்தல, நீ எதுக்குக் கத்துற? சைரன் அடிக்கலைன்னா பயமில்லாமப் போங்கன்னு நீதான சொன்ன? வீட்டுல எம் மருமக நெறமாசம். தனியா கெடக்கா. வண்டிய எடுக்கச் சொல்லு."

மேலாளரின் போன் இன்னும் வரவில்லை. பேரு கெட்டுரும் என்று அவர் சொன்னது காதில் இருந்தது. கோளாறு எதையும் சொல்லாமல், முன்னெச்சரிக்கை, வானிலை அறிக்கை என்று ஏதாவது சொல்லி மழுப்பலாம். ஆனால் அந்த அம்மாவிடம் மழுப்பினால் வண்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தே இறங்கிவிடுவார். அவர் இறங்கினால் பஸ்ஸே இறங்கும்.

"அம்மா, அந்த டப்பா செத்துப்போச்சு. நாலு நாளாச்சு. அது சரியில்லைன்னு தெரிஞ்சும் நான்தான் வச்சேன். இப்ப மேல எவ்வளவு தண்ணி வருதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எறங்காதீங்க."

காளியம்மா போனை மூடாமலே திரும்பிச் சத்தம் போட்டார்: "ஏலே, எவனும் எறங்காதீகடா! டப்பா செத்துக் கெடக்காம். இந்தம்மாவே ஒத்துக்கிருச்சு. மேல வெள்ளம் வருதோ என்னமோ!" ஹாரன் நின்றது. அந்த அமைதியில் ஓடையின் இரைச்சல் எனக்குத் தனியாகக் கேட்டது. சற்று முன்பு அது கேட்கவில்லை.

உடனே அடுத்த சத்தம். "அந்தா, முருகேசன்! அங்கிட்டிருந்து வாரான்! ஏய் முருகேசா, வராத! திரும்புடா!"

முருகேசன் அந்த ஊரில் பால் சேகரித்து, மொபெட்டில் இந்தப் பக்கம் கொண்டுவருகிறவர். நாங்கள் ஒரு கரையைத்தான் அடைத்திருந்தோம். எதிர்க்கரையில் யாருமில்லை. இவர்கள் கையை ஆட்டியதைப் பார்த்து, தன்னை வரச்சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் வேகமாக வந்திருக்கிறார். பாதிப் பாலத்தில் இருக்கும்போது தண்ணீர் வந்தது.

நான் அதைப் பார்க்கவில்லை. கேட்டேன். லாரியில் ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம், அதற்கு மேல் பெண்களின் கூச்சல். சவரிமுத்து "கயிறு, பந்தக் கயிறு, வண்டிக்குள்ள கெடக்கு" என்று அலறியது. அதன்பிறகு போன் யார் கையில் இருந்தது என்று தெரியவில்லை. திண்டுக்கல்லில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, காதில் போனை அழுத்திக்கொண்டு, என்னால் முடிந்த ஒரே காரியத்தைச் செய்தேன்: மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இழுத்துப் போட்டுவிட்டார்கள். மொபெட் அவர் மேல் சாய்ந்து, பாலத்து ஓரக் கல்லுக்கும் வண்டிக்கும் நடுவில் கால் மாட்டிக்கொண்டதால்தான் அவர் அடித்துப் போகவில்லை. அந்தக் கால் இரண்டு இடத்தில் உடைந்தது. பிற்பாடு காளியம்மா ஒரு விஷயம் சொன்னார். முருகேசனின் நம்பர் அவர் போனில் இருந்ததாம். "செத்த முன்னாடி சொல்லியிருந்தா ஒரு போனப் போட்டு, வராதடான்னு சொல்லியிருப்பேனே" என்றார். பத்து நிமிஷம் முன்னாடி.

மேலாளர் மூன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார். "கேட்டுட்டேன் மேடம். எதுக்கும் ரோட்டை அடைக்கச் சொல்லிருங்க" என்றார்.

அடுத்த வாரம் ஒரு அறிக்கை தயாரானது. அதன் அழகைச் சொல்ல வேண்டும். 'எதிர்பாராத கனமழையின்போது நிறுவனத்தின் உடனடி எச்சரிக்கையால் பேருந்துப் பயணிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர்.' ஒரு வார்த்தை பொய்யில்லை என்று மேலாளர் சொன்னார். உண்மைதான், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்தால் பொய்யில்லை. முருகேசன் பஸ் பயணி இல்லை, அதனால் அவர் அறிக்கையிலும் இல்லை. சோதனைப் பிரிவின் சார்பில் நான் ஒப்பமிட வேண்டிய இடத்தில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். நான் போடவில்லை. கொட்டகை, காந்தம், நாற்பது நாள், முழுசு என்று காட்டிய பேட்டரி, என் கையெழுத்து, பத்து நிமிஷம், எல்லாவற்றையும் தனியாக ஒரு பக்கத்தில் எழுதிப் பஞ்சாயத்துக்கும் கொடுத்தேன், கம்பெனிக்கும் கொடுத்தேன். பஞ்சாயத்துக்காரர்கள் கம்பெனியை உட்கார வைத்துப் பேசி, முருகேசனின் வைத்தியத்தையும் புது வண்டியையும் ஏற்க வைத்தார்கள். கம்பெனி என்னைச் சோதனைப் பிரிவிலிருந்து எடுத்து, ஓய்வு பெறும்வரை அட்டைப்பெட்டிகளுக்கு எண் ஒட்டும் இடத்தில் உட்கார வைத்தது. அந்த அறிக்கை இன்னும் உங்கள் வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. போகும்போது படித்துப் பாருங்கள்.

ஒரு வேலை மட்டும் எனக்கு விட்டுவைத்தார்கள். புது டப்பாவைப் பொருத்த என்னைத்தான் அனுப்பினார்கள், வேறு யாரும் அந்த ஊருக்குள் போகத் துணியவில்லை. பாறையில் வைத்து, காந்தத்தைக் காட்டினேன். விளக்கு மினுக்கியது. கூட வந்த காளியம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"மினுக்குனாப் போதாது. அன்னைக்கும்தான் மினுக்குச்சு. இத முக்கு. கீழ சைரன் கத்தட்டும். எம் மருமக பிள்ளையோட அங்கதேன் நிக்கிறா. அவளுக்குக் கேட்டாத்தேன் நான் ஒத்துக்குவேன்."

பாறையிலிருந்து கழற்றி, ஒரு பெரிய டிரம் தண்ணீரில் அதன் அடிவரைக்கும் இறக்கினோம். நின்றோம். அவர் போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு, "பிள்ள பயந்து அழுகுதாம். சரி, மாட்டு" என்றார். எங்கள் கம்பெனியின் சோதனைத் தாள்கள் எதிலும் இவ்வளவு உருப்படியான சோதனை இருந்ததில்லை. மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்யச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தேன். கம்பெனி மறந்தாலும் காளியம்மா மறப்பதில்லை. முதல் திங்கள்கிழமை டப்பாவைக் கழற்றி முக்கிவிடுகிறார்.

திரும்பும் வழியில் முருகேசன் வீட்டுக்குப் போனேன். காலில் தகடு வைத்துக் கட்டி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப அன்னைக்கு வரைக்கும் அது எத்தன நாளா செத்துக் கெடந்துச்சு மேடம்?"

"நாலு நாளா."

விரலை மடக்கி எண்ணினார். காலையில் போக, வர. சாயங்காலம் போக, வர.

"பதினாலு பதினஞ்சு தடவ கடந்திருக்கேன்" என்றார். "ஒவ்வொரு தடவையும் வண்டிய நிறுத்தி, இஞ்சின அமத்திட்டு, சைரன் சத்தம் வருதான்னு காது குடுத்துக் கேட்டுட்டுத்தேன் மேடம் எறங்குனேன்."